குதிரைக்கு லத்தீன் சொன்ன அரசர்

இரியாவுக்குக் கணவன் இருக்கிறானா இல்லையா என்பதை அல்மெய்ரிம் ஊரில் யாராலும் சொல்ல முடியவில்லை. டியோகோ என்று பெயர். அரண்மனை லாயத்தில் அரசரின் வெள்ளைக் குதிரையைப் பார்த்துக்கொண்டவன். இளம் அரசர் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் படையெடுத்துப் போனபோது குதிரையோடு அவனும் போனான். ஒரே பகலில் அந்தப் படை அழிந்தது. அரசரின் உடலைக் கண்ணால் பார்த்தேன் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. டியோகோவின் உடலையும்தான். வாரிசில்லாத சிம்மாசனத்தைப் பக்கத்து நாட்டுக் காஸ்டில்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அரண்மனையைப் பூட்டினார்கள். அங்கே துணி மடித்து அடுக்கும் வேலையில் இருந்த இரியா, கடைத்தெருச் சத்திரத்தில் சமையலுக்குச் சேர்ந்தாள்.

அவள் கறுப்பு உடுத்தினால், "புருஷன் சாகணும்னு அவ்வளவு அவசரமா?" என்றார்கள். நிறத்துணி உடுத்தினால், "யாருக்காக இந்தச் சிங்காரம்?" என்றார்கள். சாட்சி இல்லாமல் அவளை விதவை என்று எழுத மாட்டேன் என்று திருச்சபை சொல்லிவிட்டது. எங்கள் நாட்டில் அப்போது அவளைப் போல ஊருக்கு ஊர் பெண்கள் இருந்தார்கள்.

அவளைத் தேடிக் கோவேறு கழுதைக்காரன் அமாரோ வந்தான். சத்திரத்துக்கு எண்ணெய் கொண்டுவருபவன், பழக்கமானவன். அந்த முறை எண்ணெயோடு ஒரு செய்தியும் கொண்டுவந்திருந்தான்.

"எங்க ஊரு சோப்ரால்ல அரசர் வந்திருக்காரு. குன்று மேல குகையில தவம் பண்ணிட்டிருந்தாராம். டோம் பெர்னார்டிம் ஐயா கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டாரு. நீங்க அரண்மனையில வேலை பாத்தவங்க. வந்து, அவருதான்னு ஊர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லணுமாம்."

"அவருதானான்னு பாக்கணுமா, இல்ல அவருதான்னு சொல்லணுமா?"

அமாரோ கழுதையின் காதைச் சொறிந்தான். "ஐயா சொல்லியனுப்புனது ரெண்டாவது. எனக்கு முதல் கேள்விதான் மனசுல ஓடுது."

பெர்னார்டிம் பிரபுவைப் பற்றி அவளுக்குத் தெரியும். காஸ்டில் அதிகாரிகள் அவருடைய வேட்டைக்காடுகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்டவரின் கைக்கு மட்டும் அரசர் கிடைப்பானேன்? ஆனாலும் அவள் கிளம்பினாள். அரசர் பிழைத்திருந்தால் அவர் குதிரையைப் பிடித்திருந்தவனும் பிழைத்திருக்கலாம் அல்லவா?

*

சோப்ராலில் பழைய ஆலிவ் செக்குக் கட்டடத்தை அரண்மனையாக்கியிருந்தார்கள். வாசலில் செருப்புத் தைக்கும் காஸ்பர், இடுப்பில் வாளோடு நின்றிருந்தான். அரசர் அவனைப் பிரபுவாக்கியிருந்தார்.

"யாரது? அனுமதி இருக்கா?" என்றான் காஸ்பர்.

"டேய், ஈஸ்டர்லேர்ந்து என் செருப்பு உங்கிட்டதான் கிடக்கு. அதுக்கு முதல்ல அனுமதி குடு," என்றான் அமாரோ.

"மெதுவாப் பேசுடா. இப்ப நான் பிரபு. நாலு பேர் இருக்கிற இடத்துல செருப்பப்பத்திப் பேசாத."

உள்ளே கூட்டம் முழந்தாளிட்டிருந்தது. அகலமான நாற்காலியில் துறவி அங்கியோடு ஒருவர் அமர்ந்திருந்தார். நீண்ட முகம், செம்பட்டைத் தாடி. வயதும் சரியாகத்தான் இருந்தது. இரியா அரசரைப் பார்த்ததெல்லாம் தூரத்திலிருந்துதான், அதுவும் தாடி முளைக்காத வயதில். வெயிலும் பசியும் ஒரு முகத்தை இப்படி மாற்றியிருக்கும் என்று சொன்னால் மறுக்க முடியாது. அதுவே அவளுக்கு உறுத்தியது. மறுக்க முடியாதபடி யாரோ தேடிப் பிடித்த முகமோ?

"வா, இரியா," என்றார் அவர்.

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. ஆனால் அவர் வாயிலிருந்து பெயர் வருவதற்கு முன்பே, பக்கத்தில் நின்ற பெர்னார்டிமின் உதடு லேசாக அசைந்ததை இரியா பார்த்துவிட்டாள்.

"மகாராஜாவுக்கு உங்க வெள்ளக் குதிரை ஞாபகம் இருக்குங்களா?" என்று கேட்டாள்.

பெர்னார்டிமின் முகம் இறுகியது. இந்தக் கேள்வி அவர் எதிர்பார்க்காதது. ஆனால் நாற்காலியில் இருந்தவர் தயங்கவில்லை.

"அத மறக்க முடியுமா? காலையில அதுக்கு லத்தீன்ல ஜெபம் சொல்லித் தருவேன். ஆமென் வர்ற இடத்துல சரியாத் தலைய ஆட்டும். உன் புருஷன் டியோகோ கடிவாளத்தப் பிடிச்சுட்டு, சிரிப்ப அடக்க முடியாம நிப்பான்."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரியா பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆனந்தத்தில் தடுமாறுகிறாள் என்று எண்ணிய பெர்னார்டிம், அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

வெளியே கிணற்றடியில் அவள் அமாரோவிடம் சொன்னாள்: "அது நடக்கவே இல்ல."

"எது?"

"லத்தீன். எங்க கல்யாணத்தன்னிக்கு விருந்துல எல்லாரும் சிரிக்கணும்னு டியோகோ கட்டிவிட்ட கதை. அரசருக்கு அந்தக் குதிரைய ஏறி உக்காரும்போதுதான் தெரியும், இறங்கினா மறந்துருவாரு. டியோகோதான் போற இடமெல்லாம் இந்தக் கதையச் சொல்லுவான். அப்புறம் அவனே நம்ப ஆரம்பிச்சுட்டான்."

"அப்ப இவரு அரசர் இல்ல."

"இல்ல. ஆனா டியோகோ பக்கத்துல உக்காந்து கதை கேட்டவன். எங்க உக்காந்து கேட்டான், எப்பக் கேட்டான்? அதான் எனக்குத் தெரியணும்."

அமாரோ குரலைத் தாழ்த்தினான். "நானும் ஒண்ணு பாத்தேன். எண்ணெய் இறக்கப் போனப்ப ஆளு தனியா நின்னான். அந்த விரிசல் விட்ட வளைவு இருக்குல்ல, அத விரல் முட்டியால தட்டித் தட்டிக் காது வெச்சுக் கேக்குறான். ராஜா எதுக்குச் சுவரத் தட்டணும்? கொத்தனார்தான் தட்டுவான்."

*

அரசரின் கால்களைக் கழுவிவிட வேண்டும் என்று இரியா கேட்டாள். பக்தியான வேண்டுதல். மறுத்தால் சந்தேகம் வரும் என்பதால் பெர்னார்டிம் ஒப்புக்கொண்டார். ஆனால் கதவருகிலேயே நின்றுகொண்டார். காஸ்பரிடம் பேசுவது போல இருந்தாலும் காது இங்கேதான் இருந்தது.

அங்கியின் விளிம்பைத் தூக்கியதும் கணுக்காலைச் சுற்றி இரும்பு விலங்கு தின்ற தழும்பு தெரிந்தது.

"எங்க சொன்னான் உங்கிட்ட?" என்று தண்ணீர் சத்தத்துக்குள் கேட்டாள்.

அவன் கால் விரல்கள் சுருங்கின. அவள் அறிந்துவிட்டாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஆப்பிரிக்காவுல, ஃபெஸ் ஊர்ல. சுண்ணாம்புக் குழியில ஒரே சங்கிலில கட்டிப் போட்டிருந்தாங்க. அரண்மனைக் கதை அத்தனையும் அவன் சொன்னதுதான். உன்னைப்பத்தியும்."

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான். நாளைக்கு நீ ஆமான்னு சொல்லு. நான் கொஞ்சம் நிமிந்துட்டா முதல்ல அவனத்தான் மீட்டுக் கொண்டுவருவேன்."

"என்ன ரகசியம் பேசுறீங்க?" என்று கேட்டுக்கொண்டே பெர்னார்டிம் அருகில் வந்தார்.

"தண்ணி சூடு போதுமான்னு கேட்டேன், ஐயா."

"போதும்னு சொல்லிட்டாரா?"

"இன்னும் யோசிக்கிறாரு."

அன்று மாலை முழுவதும் அவள் செக்கு மண்டபத்தின் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறான். அந்த ஒரு சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அவளை ஆட்டிவைத்தது. நாளை ஆமாம் என்றுதான் சொல்லிவிடுவோமே என்றுகூட நினைத்தாள். அரசர் யாராக இருந்தால் அவளுக்கென்ன?

பெண்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் லியோனோர். ரொட்டி சுடுகிறவள், ஒரே மகனைப் படைக்கு அனுப்பியவள். "மகாராஜா, என் பையன் பேரோ..."

"உயிரோட இருக்கான், அம்மா. வருவான்."

அடுத்தவள் கணவனைக் கேட்டாள். உயிரோடு இருக்கிறான். அதற்கடுத்தவளின் இரண்டு தம்பிகளும் உயிரோடு இருந்தார்கள். ஒரு கிழவர் தன் மருமகனைப் பற்றிக் கேட்டார். பெயரைக்கூட முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, மருமகனும் உயிரோடு இருந்தான். அந்தப் பாலைவெளியில் யாருமே சாகவில்லை போலிருந்தது.

இரியாவுக்குள் உட்கார்ந்திருந்த சொல் அப்போதே செத்துப்போனது. எல்லோருக்கும் தந்த அதே காசைத்தான் அவள் கையிலும் திணித்திருந்தான்.

*

மறுநாள் பெந்தகோஸ்தே ஞாயிறு. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். சிலர் அரிவாளோடும் மண்வெட்டியோடும் வந்தார்கள். இரியா ஒரு வார்த்தை சொன்னதும் காஸ்டில்காரர்கள் வசமிருந்த எவோரா நகரைப் பிடிக்க அவர்களை நடத்திப் போக பெர்னார்டிம் ஏற்பாடு செய்திருந்தார்.

"அரண்மனையில இருந்த பொண்ணு. பொய் சொல்லத் தெரியாதவ. சொல்லும்மா," என்றார் அவர்.

இரியா எழுந்தாள். "இவரு அரசர் இல்ல."

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"நான் சொல்றத நம்ப வேண்டாம். உங்களுக்குள்ளேயே கேட்டுப் பாருங்க. யாராவது ஒருத்தர்கிட்டயாவது உன் ஆளு செத்துட்டான்னு சொன்னாரா? அந்தச் சண்டையில போன அத்தன பேரும் உயிரோட இருந்தா, அங்க செத்தது யாரு?"

லியோனோர் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தாள். "காஸ்டில்காரன் எவ்வளவுடி குடுத்தான் உனக்கு? என் பையன் சாகணுமா? உனக்கு என் பையன் சாகணுமா?"

கட்டி பறந்து வந்தது. நாற்காலியில் இருந்தவன் குறுக்கே பாய்ந்தான். அது அவன் நெற்றியில் பட்டு உடைந்தது.

"அடிக்காதீங்க," என்றான். "அந்தம்மா சொல்றது உண்மை. நான் அரசன் இல்ல. என் பேரு லோப்போ. கொத்தனார். உங்க பையன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது அம்மா. நான் அவனப் பாத்ததே இல்ல."

லியோனோர் அவனையே வெறித்தாள். பிறகு தடாலென்று அவன் காலில் விழுந்தாள்.

"பாத்தீங்களா! தன்னத்தானே தாழ்த்திக்கிறாரு! தவம் இன்னும் முடியல, அதான் மறைக்கிறாரு! நான் போட்ட கட்டிய தன் தலையில வாங்கிக்கிட்டாரே, வேற எந்த ராஜா வாங்குவான்?"

கூட்டம் ஒரே குரலில் அலறியது. அவன் கையை ஆட்டி, இல்லை இல்லை என்று கத்தினான். கத்தக் கத்த ஜனங்கள் இன்னும் அழுதார்கள்.

பெர்னார்டிம் இரியாவின் காதருகே குனிந்தார். "நான் சொல்லிக் குடுத்திருந்தாக்கூட இவ்வளவு நல்லா வந்திருக்காது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நாளைக்குக் காலையில எவோரா கிளம்புறோம். அதுவரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

*

விருந்துக்காக வெளியே அடுப்புகள் மூட்டினார்கள். பூண்டும் கொத்தமல்லியும் போட்ட ரொட்டிக் கஞ்சியின் மணம் செக்குக் கட்டடத்துக்குள்ளும் வந்தது. உள்ளே லோப்போ நெற்றியைத் துடைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான். இரியாவையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, பெர்னார்டிம் விருந்தைக் கவனிக்கப் போயிருந்தார். எண்ணெய்த் தோற்பைகளை ஏற்றுகிற சாக்கில் அமாரோவும் உள்ளே இருந்தான்.

"ஏன்டா இதுல வந்து மாட்டின?" என்று அமாரோ கேட்டான்.

"நான் எங்க மாட்டினேன்? ஃபெஸ்லேர்ந்து தப்பி வந்து குகையில ஒளிஞ்சு கிடந்தேன். ஒரு கிழவி பாத்துட்டு, நீங்க அவருதானேன்னு கேட்டா. பசி. பதில் சொல்லாம இருந்தேன், ரொட்டி குடுத்தா. மறுநாள் பத்துப் பேரு வந்தாங்க. அப்புறம் ஐயா வந்தாரு. 'நீ அரசர் இல்லேன்னு எனக்கும் தெரியும், ஆமான்னு இருந்துக்கோ'ன்னாரு." அவன் இரியாவைப் பார்த்தான். "நாளைக்கு எவோராவுல காஸ்டில் குதிரைப்படை நிக்கும். என்னோட சேத்து இந்த ஜனங்களையும் தொங்கவிடுவான்."

"நீ இல்லேன்னா?" என்றாள் இரியா.

"நான் இல்லேன்னா எவன் பின்னாடி போவாங்க?"

அவள் சுவரில் தொங்கிய ஆட்டுரோமக் கத்தரியை எடுத்தாள். தாடியும் முடியும் கொத்துக் கொத்தாக விழுந்தன. அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டார்கள். அமாரோவின் எண்ணெய்க்கறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூலையில் கிடந்த சாந்துத் தொட்டியை நெற்றிக் காயம் மறையத் தலையில் கவிழ்த்துப் பிடித்தபடி லோப்போ பட்டப்பகலில் வாசலுக்கு நடந்தான்.

"எங்கடா போற?" என்றான் காஸ்பர்.

"உள்ள வளைவு விரிசல் விட்டிருக்குங்க, பிரபு. சுண்ணாம்பு எடுத்துட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வா. ராஜா தலையில விழுந்துரப் போவுது."

முற்றத்தில் கூட்டத்துக்குள் புகுந்து போனான். லியோனோர் கையில் சுடச்சுட ரொட்டியோடு எதிரே வந்தாள். வழியை மறைக்கிறான் என்று அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, அரசரைப் பார்க்க ஓடினாள். சற்றுப் பொறுத்து, அமாரோவின் கழுதைகளின் மறுபுறமாக நடந்து இரியாவும் வெளியேறினாள். தக்கை மரக் காட்டைத் தாண்டும்வரை மூவரும் நிற்காமல் நடந்தார்கள்.

*

காட்டுக்கு அப்பால் ஓர் ஓடை. இரியா லோப்போவை நிறுத்தினாள்.

"இப்பச் சொல்லு. இப்ப நீ ராஜா இல்ல. எனக்குக் குடுக்கவும் உங்கிட்ட எதுவும் இல்ல, எங்கிட்ட வாங்கவும் எதுவும் இல்ல."

அவன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்: "செத்துட்டான். முதல் மழைக்காலத்துல. காய்ச்சல். கடைசி வரைக்கும் கதை சொல்லிட்டே இருந்தான்."

அவள் அழவில்லை. "இத எவோராவுல திருச்சபை அதிகாரி முன்னாடி சத்தியம் பண்ணிச் சொல்லுவியா? உன் சொந்தப் பேருல?"

எவோரா என்றதும் அவன் முகம் வெளுத்தது. ஆனால் தலையாட்டினான். அவள் முகம் கழுவ ஓடைக்குள் இறங்கினாள். நிமிர்ந்தபோது மேலே அமாரோவும் லோப்போவும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் அமாரோ கழுதையின் வாரை இழுத்துக் கட்டத் தொடங்கினான். நன்றாகக் கட்டியிருந்த வார்தான் அது.

அமாரோவின் மனதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். சத்திரத்தில் எல்லோருக்கும் தெரியும். டியோகோ செத்துப்போனால் யாருக்கு லாபம்? வழி முழுவதும் அந்தக் கேள்வி அவளோடு நடந்து வந்தது.

எவோராவில் அதிகாரி முன் லோப்போ சிலுவையின் மேல் கை வைத்து, தன் பெயரையும் ஊரையும் சொன்னான். பிறகு சொன்னான்: "சுவர் இடிஞ்சு விழுந்து செத்தான், சாமி. கல்லைத் தூக்கி உடம்ப எடுத்ததே நான்தான்."

அதிகாரி அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தாள். "காய்ச்சலா, சுவரா?"

"காய்ச்சல்தான். காய்ச்சல்ல போனவங்கள மொத்தமா அள்ளிட்டுப் போவாங்க, யார் உடம்பு யாருதுன்னு எப்படித் தெரியும்னு இவரு கேட்டிருப்பாரு. எழுதிக் குடுத்திருக்க மாட்டாரு."

"நீ பாத்தியா? அவன் உடம்ப நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சுவரையும் இப்படித்தான சொன்ன?"

தொலைவில் காஸ்டில் வீரர்கள் இருவர் குதிரையில் வந்துகொண்டிருந்தார்கள். லோப்போ மெல்லத் தன் சட்டையை விடுவித்துக்கொண்டு, சந்தைக் கூட்டத்தில் கலந்து போய்விட்டான். அதன்பின் அவனை யாரும் பார்க்கவில்லை.

அவள் அமாரோவின் பக்கம் திரும்பினாள். "ஓடைக்கரையில அவன்கிட்ட என்ன சொன்ன?"

"உண்மையச் சொல்லு, இல்லேன்னா இங்கேயே விட்டுட்டுப் போயிருவேன்னு சொன்னேன்." அவன் காது சிவந்துபோனது. "எது உண்மைன்னு நான் சொல்லிக் குடுக்கல, இரியா. நீ நம்ப வேண்டாம். நம்பத் தோணும்போது நம்பு."

*

சோப்ராலுக்கு வந்த குதிரைப்படைக்குக் கிடைத்தது நாற்காலியும் அங்கியும்தான். பெர்னார்டிமைக் கட்டி லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் சிறையிலேயே இறந்தார். காஸ்பர் வாளைக் கிணற்றில் போட்டுவிட்டு, அமாரோவின் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான். ஊர்க்காரர் ஒருவர் மீதும் படையினர் கை வைக்கவில்லை. வெட்டிப் போட்ட செம்பட்டை முடியை மட்டும் பெண்கள் பகிர்ந்துகொண்டார்கள். லியோனோர் தன் பங்கைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். அரசர் விண்ணுக்குப் போயிருக்கிறார், மறுபடி வருவார் என்று இன்றும் அந்த ஊரில் சொல்கிறார்கள்.

இரியா கறுப்பு உடுத்தினாள். இந்த முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. அமாரோ எண்ணெய் கொண்டுவந்து இறக்குவான், கஞ்சி குடிப்பான், போய்விடுவான். கல்யாணப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை. சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு அவள் களைத்துப் போனாள். இரண்டாம் அறுவடை முடிந்து அவன் வந்தபோது அவளே பேச்சை எடுத்தாள். சிறிய கோயிலில் கல்யாணம் நடந்தது.

அதற்கடுத்த வருடம், மீட்கப்பட்ட கைதிகள் ஒரு கப்பலில் லிஸ்பனுக்கு வருகிறார்கள் என்று சத்திரத்தில் பேச்சு அடிபட்டது. இரியா வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். போக வேண்டும் என்றாள். அமாரோ ஒன்றும் கேட்காமல் கழுதையின் மேல் மெத்தை விரித்துக் கட்டினான்.

கரையில் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். மொட்டையடித்த தலைகளோடு, வெயிலில் கண் கூச, அவர்கள் ஒவ்வொருவராகப் பலகை வழியே இறங்கினார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். பக்கத்தில் அமாரோ தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, மூச்சு விடாமல் நின்றான். கடைசி ஆள் இறங்கிப் பலகையை இழுக்கும்வரை நின்றாள். டியோகோ அவர்களில் இல்லை.

"ஃபெஸ்லேர்ந்து வந்தவங்க இருக்காங்க. யாரையாவது விசாரிச்சுப் பாக்கவா?" என்றான் அமாரோ.

அவள் அந்த மனிதர்களை மறுபடி ஒருமுறை பார்த்தாள். கேட்டால் யாராவது ஏதாவது சொல்வார்கள்.

"வேண்டாம். பசிக்குது. வா, போலாம்," என்றாள்.